குரல்: வேல்விழி

ஜூன் 14, 2015, ஞாயிறு

விடுதியில் இன்று மதியச் சாப்பாடு வழங்கப்பட்டது. சமைக்கப்பட்டது என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று முகநூலில் ஒரு பதிவு போட்டேன். ஒரகடம் ரவுண்டானாவில் நாலு பக்கமும் வழி இருக்கிறது, ஆனால் யாரும் எங்கும் போவதில்லை, அது ரவுண்டானா அல்ல, தியான மண்டபம் என்று. மூன்று லைக். ஒன்று நான் போட்டது. ஒன்று, பெண் பெயரில் எது வந்தாலும் லைக் போடும் ஒரு குவைத்துக்காரர். மூன்றாவது ‘செம்பருத்தி’ என்று பெயர் வைத்துக்கொண்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பூவை வைத்திருக்கும் யாரோ. இரண்டு வருடமாக இதுதான் என் வாசகர் வட்டம். அதில் நானும் ஒருத்தி.

அறைத்தோழி தங்கமாரி போனில் புதிதாக ஏதோ இறக்கியிருக்கிறாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள், கம்பெனியில் எங்கள் லைனில் கார் வயருக்கு டேப் சுற்றுகிறாள். டப்ஸ்மாஷாம். யாரோ பேசியதற்கு நாம் வாயசைத்துப் படம் பிடித்தால் போதும். நாமாக யோசித்துப் பேச வேண்டிய தொல்லை இல்லை. நாடு இத்தனை காலம் இது இல்லாமல் எப்படி நடந்தது என்பதுதான் ஆச்சரியம்.

ஜூன் 21

பக்கத்து அறை மாடத்தி சாம்பாரைப் பார்த்துப் புலம்பினாள். நான் சொன்னேன்: “இந்தச் சாம்பார யாரும் கொற சொல்லாதீய. அது ஒரு பாவமும் அறியாது. பருப்பு கெடையாது, புளி கெடையாது, எந்தக் கெட்ட பழக்கமும் கெடையாது.”

நான் சிரிக்கவில்லை. வழக்கமில்லை. மேசை முழுக்கச் சிரித்தது. தங்கமாரி போனை நீட்டினாள்.

“யக்கா, அத இன்னொரு தடவ சொல்லுங்களேன். சும்மாதான்.”

சொன்னேன். சும்மாதானே.

ஜூன் 28

தங்கமாரி என் குரலுக்கு வாயசைத்திருக்கிறாள். தட்டைக் கையில் ஏந்தி, சாம்பாருக்கு ஜாமீன் கேட்கும் வக்கீல் மாதிரி நின்று, கடைசி வரியில் கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கிறாள். நன்றாக இருக்கிறது. பிரச்சனையே அதுதான்.

வெளியில் விடுவதற்கு முன் கேட்டாள், “உங்க பேரையும் போட்டுரட்டாக்கா?”

“எனக்கெதுக்குட்டி அதெல்லாம். வேண்டாம்.”

“சரிக்கா.”

அனுப்பிவிட்டாள்.

சரிக்காவா? எங்கள் பக்கத்தில் சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை வேண்டாம் என்போம். அது நம் மரியாதை. இரண்டாம் தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள். அது அவர்கள் மரியாதை. இவளும் அந்தப் பக்கத்துப் பெண்தானே? ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு இலையை எடுத்துவிட்டாள்.

ஜூலை 9, வியாழன்

கம்பெனி வாசலில் எல்லார் போனையும் வாங்கி, உள்ளே யாரும் படம் எடுக்காதபடி கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டுபவர் தணிகாசலம். கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே நிலத்துக்குக் காவல் நிற்கிறார். தங்கமாரியைப் பார்த்ததும் இன்று எழுந்தே நின்றார்.

“சாம்பாரு பொண்ணு நீதானாமா? எங்க வூட்ல நாள் பூரா உன் பேச்சுதான் ஓடிக்கினு கீது.”

அடுத்து நான். முகநூல் மட்டும் எப்படியோ திறக்கும் என் பட்டன் போனைத் தூக்கிக் காட்டினார். “இத்தப் பாரு. டச்சு கெடையாது, கேமரா கெடையாது, எந்தக் கெட்ட பழக்கமும் கெடையாது.”

என் வாக்கியத்தை என்னிடமே சொல்லிவிட்டு, எனக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்த்தார். சிரித்து வைத்தேன்.

பஸ்ஸில் ஏழு பேர் அதற்கு வாயசைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லார் வாயிலும் நான். என் வாயில் மட்டும் ஒன்றுமில்லை.

ஜூலை 18

வீடியோ வார்டன் சரோஜாம்மாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாம்பார் அவர் வைப்பது. தங்கமாரியை நிற்க வைத்துக் கேட்டார்.

“என் கொழம்பு உனக்கு நக்கலா பூட்ச்சா? இது உன் கொரலு இல்லியே. எவ பேசினா?”

“நெட்ல கெடந்துச்சு மேடம்.”

ஒரு வாரம் பெரிய பாத்திரம் அவள்தான் கழுவ வேண்டும்.

நெட்ல கெடந்துச்சாம்! புகழைத் தனியாக வைத்துக்கொண்டாள், சரி. திட்டையுமா? பழியில்கூட என் பேர் வரக்கூடாதா?

ஆகஸ்ட் 2

ஊரிலிருந்து தங்கமாரியின் அண்ணன் காசிராஜன் கூப்பிட்டான். வாட்சப்பில் பார்த்துவிட்டானாம். வீட்டுப் பெண் ஊர் பார்க்கப் பல்லைக் காட்டுகிறாள் என்று கத்தினான். அவன் சத்தம் என் கட்டில்வரை கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

எனக்கு அதிலும் வயிறு எரிந்தது. அவளைத் திட்டவாவது ஊரில் ஒருத்தன் பார்த்திருக்கிறான். நான் எழுதுவதைப் படித்துவிட்டு என்னைத் திட்ட ஒரு நாதி உண்டா?

எழுதியதைத் திரும்பப் படித்தேன். நல்ல மனுஷி எழுதுகிற வரி இல்லை. கோடு போட்டு அடிக்கவும் மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 30

இன்று முகநூலில் எழுதியேவிட்டேன்: “அந்தச் சாம்பார்க் குரல் என்னுடையது.”

முதல் மறுமொழி: “அப்போ சாம்பார் என்னுது.”

இரண்டாவதும் அதுபோல்தான். குவைத்துக்காரர் லைக் போட்டார். செம்பருத்தியும்.

செப்டம்பர் 6

மாடத்தியின் போனை இரவல் வாங்கி, அதே வசனத்தை நானே பேசி, நானே முகம் காட்டிப் போட்டேன்.

வந்த மறுமொழி: “முயற்சி நல்லாருக்கு சிஸ்டர். ஆனா ஒரிஜினல் குரல்ல இருக்கிற அந்த இது இல்ல.”

ஆக, என்னைப் போலப் பேசுவதில் நான் தேறவில்லை. வீடியோவை நீக்கிவிட்டேன்.

அக்டோபர் 21

ஆயுத பூஜை. மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம். தங்கமாரிக்கு மேடை. ஸ்பீக்கரில் என் குரல். நான் பொரி வாங்கும் வரிசையில் நின்றேன்.

நவம்பர் 8

அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

கவனித்திருக்கிறாள். என் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 2, புதன்

மழை விடவில்லை. ரோடு எது, ஏரி எது என்று தெரியவில்லை. கம்பெனி மூடியாயிற்று. செம்பரம்பாக்கம் திறந்துவிட்டார்கள் என்பதுதான் கடைசியாக வந்த வாட்சப். அதற்கப்புறம் டவர் போய்விட்டது. தங்கமாரியின் போனும் காலையில் அணைந்தது.

மதியம் எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். காய்கறி வண்டி வரவில்லை. சரோஜாம்மா கஞ்சிப் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“கரண்டு கெடையாது, டவரு கெடையாது…” சட்டென்று நிறுத்தி, தங்கமாரியை முறைத்தார். அப்புறம் அவரே முடித்தார். “எந்தக் கெட்ட பழக்கமும் கெடையாது. போங்கடி.”

கூடமே சிரித்தது. மாடத்தி, “ஏட்டி தங்கமாரி, ஒரு தடவ செஞ்சு காட்டேன்” என்றாள்.

“போன் செத்துப்போச்சுல்லா. கொரலுக்கு எங்க போவேன்?”

“நீயே பேசு.”

“எனக்கு வராது. அது வேல்விழி அக்கா கொரலு.”

அவள் நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வாங்கக்கா.”

“வேண்டாம்.”

“வாங்கங்கேன்.” இழுத்தாள்.

போனேன். நான் பேசினேன், அவள் வாயசைத்தாள். சரோஜாம்மா கரண்டியை ஓங்கினார்.

“அடிப்பாவி, ஊமையாட்டம் உக்காந்துகினு இருந்தியே, நீயா? இன்னொண்ணு சொல்லு, கேப்போம்.”

வாயில் வந்தது ரவுண்டானாப் பதிவு. அதைச் சொல்லத் தொடங்கிவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். தங்கமாரியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பின்னால் அல்ல, எனக்கு அரை வார்த்தை முன்னால். ‘தியான மண்டபம்’ அவள் வாயில் முதலில் வந்தது. அதை நான் யாருக்கும் பேசிக் காட்டியதே இல்லையே.

கஞ்சி குடிக்கும்போது கேட்டேன், “அது உனக்கு எப்பிடித் தெரியும்?”

“படிச்சிருக்கேன்லா.”

“எங்க?”

“எங்கண்ணனுக்குத் தெரியக்கூடாதுன்னு பேர மாத்தி வச்சிருக்கேன்க்கா. பூப் படம்.” கஞ்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சொல்லத்தான் நெனச்சேன். நீங்கதான் அது எவனோ வேல இல்லாத பயன்னு மாடத்திகிட்ட சொன்னீய.”

டிசம்பர் 6, ஞாயிறு

டவர் வந்துவிட்டது. பழைய பதிவுகளைக் கீழே வரை இறக்கிப் பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் செம்பருத்தி. எனக்கே பிடிக்காதவற்றிலும்.

வீடியோவை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கீழே அவள் என் பேரைச் சேர்த்திருக்கிறாள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எரிகிறது. முன்பு போல் அல்ல.

மதியம் சாம்பார். தங்கமாரி மேசையிலிருந்து, “யக்கா, சாப்பிட வாங்க” என்றாள்.

முதல் தடவையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.