பிலிப்பின் பச்சை இத்தாலி வண்டி

என் அருமை மாப்ளே பிலிப்,

உன் வண்டி நேற்று ஓடியது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லும் வேறெதையும் நீ காதில் வாங்கிக்கொள்ள மாட்டாய்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தார் உன் நினைவாக ஒரு சின்ன மலர் அச்சடிக்கிறார்கள். "மச்சான்காரன் நீதான் எழுதணும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கூட்டம் இன்னும் நடக்கிறது. காலை ஏழு மணிக்கு குருபரப்பள்ளி டீக்கடை முன்னால் அதே ஏழெட்டுப் பழைய கார்கள், அதே சண்டை. கடைக்காரர் பாதிக் கன்னடத்தில், "ஏனு சார், பச்சை வண்டி பரலில்லவா?" என்று, உன் வண்டி வரவில்லையா என்று, முதல் இரண்டு வாரம் கேட்டார். யாரோ சொல்லியிருக்க வேண்டும், இப்போது கேட்பதில்லை. ரோட்டில் எங்கே பார்த்தாலும் முன்சக்கரம் இழுக்கிற புதுச் சின்னக் கார்கள்தான். "திரும்பற வேலையும் இழுக்கற வேலையும் ஒரே சக்கரத்துக்குக் குடுக்கறது பாவம் மச்சான்" என்பாயே, அந்தப் பாவத்தை இன்று ஓசூரே செய்துகொண்டிருக்கிறது.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நாம் இரண்டு பேரும் ஓசூரில் ஒரே ஃபாக்டரியில், கருவிகள் செய்யும் ஒரே டூல்ரூமில் வேலை பார்த்தவர்கள். என் தங்கை ஸ்டெல்லாவை நீ கட்டிக்கொள்வதற்கு முன்பே நமக்குள் தகராறு ஆரம்பித்துவிட்டது. பெங்களூரில் மிஷின் பூட்ட வந்த ஓர் இத்தாலிக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன ரெண்டு சீட் கார் உன்னுடையது. துபாயிலிருந்து கப்பலில் வந்த வெள்ளை ஜப்பான் வண்டி என்னுடையது. இரண்டுக்கும் பின்சக்கரம்தான் தள்ளும். அந்த ஒன்றில்தான் நமக்குள் ஒற்றுமை.

மற்றபடி உன் வண்டி மழையில் நனைந்தால் படுத்துவிடும், என் வண்டிக்கு உயிரே கிடையாது. நான் சொல்வது முன்னது, நீ சொல்வது பின்னது. நம் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: இத்தாலி வண்டிக்குள் ஜப்பான் சாமான் போகக் கூடாது, ஜப்பான் வண்டிக்குள் இத்தாலிச் சாமான் போகக் கூடாது. ஒரு போல்ட்டுக்காக ஆறு மாதம் வண்டியை நிறுத்தி வைத்தவர்கள் நம்மில் உண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நமக்கு அது விரதம் மாதிரி.

ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில், கையில் குளுக்கோஸ் ஊசியோடு என்னைக் கிட்டே கூப்பிட்டாய். ஸ்டெல்லாவைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறாய் என்று குனிந்தேன். "மச்சான், என் வண்டிக்குள்ள உன் ஜப்பான் சாமான் ஒண்ணுகூடப் போகக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாய். அழுதுகொண்டே உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நீ சிரித்தாய். வலியிலும் இவனுக்கு என்ன சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னை அடக்கம் செய்த பத்தாம் நாள் வண்டியை எடுத்தேன். சானமாவுக் காட்டு ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது. எஞ்சினின் சுற்றைக் கியருக்குக் கடத்துகிற அந்தச் சின்ன வட்டத் தகடு போனால் வண்டி வெறும் இரும்பு. என் வண்டியில் கட்டித்தான் இழுத்து வந்தேன். உன் வீட்டுக் கொட்டகையில் செங்கல் மேல் ஏற்றி நிறுத்தினேன்.

அப்புறம் நான்கு மாதம் இத்தாலித் தட்டுக்கு அலைந்தேன். பெங்களூர்ப் பழைய சாமான் கடைகள் அத்தனையும் ஏறி இறங்கினேன். பம்பாய்க்குக் கடிதம் மேல் கடிதம். என் அலமாரியில் ஜப்பான் தட்டு ஒன்று புதுசாகவே இருந்தது. கொஞ்சம் வேலை செய்தால் பொருந்தும் என்று எனக்குத் தெரியும். தொடவில்லை.

ஸ்டெல்லாதான் பொறுமை இழந்தாள். நீ அவளுக்கு மத்திகிரி மைதானத்தில் ஓட்டக் கற்றுக்கொடுத்தாயே, அவளுக்கு அந்த வண்டியில் போக வேண்டும், அவ்வளவுதான். "உங்களுதையே போடுங்கண்ணா. வண்டி ஓடட்டும்" என்றாள். சத்தியத்தைச் சொன்னேன். என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கல்லறைக்குப் போயிட்டுதான் வரேன். வீட்லயும் ஒண்ணு வெச்சுக் கும்புடணுமா?"

அதற்கும் நான் அசையவில்லை. செத்துப்போன உன் வார்த்தையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயிரோடு இருக்கிற தங்கச்சி கேட்டது எனக்குக் காதில் ஏறவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் பம்பாயிலிருந்து பதில் வந்தது. தட்டு ஒன்று இருக்கலாம், பழையதைக் கழற்றிச் சரியான அளவு எழுதி அனுப்புங்கள் என்று. சனிக்கிழமை மத்தியானம் கியர்பெட்டியை இறக்கினேன். தட்டை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் துடைத்தேன்.

தகட்டில் "தே" என்று கீறியிருந்தது.

என் கையெழுத்து, பிலிப். தேவராஜ் என்கிற என் பேரின் முதல் எழுத்து. டூல்ரூம்காரன் தன் சாமான் எதிலும் பேரைக் கீறாமல் வைக்க மாட்டான். என் அலமாரியிலிருந்து எட்டு வருடத்துக்கு முன்னால் காணாமல் போன என் ஜப்பான் தட்டு அது! அதன் நடுப்பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு, உன் பழைய இத்தாலித் தட்டின் நடுப்பாகத்தைப் பொருத்தி எட்டு ரிவெட் அடித்திருந்தாய். அப்படி ஒரு வேலை நம் டூல்ரூமில் உன் ஒருவனால்தான் முடியும். யார் செய்த வேலையோ அவர் எழுத்து இருக்க வேண்டும் என்பதும் நம் பழக்கம். திருட்டு வேலையில்கூட அதை விடாமல், நடுப்பாகத்தில் "பி" என்று கீறி வைத்திருந்தாய். ஒளித்துவைக்கிறவன் கையெழுத்துப் போடுவானா மாப்ளே?

தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு அழுகையாக மாறியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அப்போது என் மனைவி மேரி நிறைமாதம். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன தைரியத்தில், நான் வெள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு மெட்ராஸில் ரேஸ் பார்க்கப் போய்விட்டேன். உன் வண்டியோ கிளட்ச் போய்க் கிடந்தது.

"நீங்க கெளம்பிப் போன அன்னிக்கே ஆரம்பிச்சிட்டாருண்ணா" என்றாள் ஸ்டெல்லா. "அண்ணிக்கு எந்த நேரத்துல வலி வருமோ, வீட்டுல ஒரு வண்டியாவது ஓடணும்னாரு. உங்க தட்ட எடுத்துட்டு வந்து பட்டறையில வெச்சிட்டு, தொடறதுக்கு முன்னால அரை மணி நேரம் சும்மாவே உக்காந்திருந்தாரு. நான்கூட வேணாம்னா விட்ருங்கன்னேன்."

"அப்புறம்?"

"'இத்தாலிக்காரன் மன்னிப்பான், மச்சான் மன்னிக்க மாட்டான்'னுட்டு ரம்பத்த எடுத்துட்டாரு."

மறுநாள் காலையிலேயே மேரிக்கு வலி வந்துவிட்டது. ரெண்டே சீட். ஸ்டெல்லாவைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, மேரியை உட்காரவைத்து, அவள் காண்பித்துக்கொண்டிருந்த கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு நீ ஓட்டினாய். கொடி சுற்றியிருந்ததாம். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் குழந்தை தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். இது எதுவும் எனக்குத் தெரியாது. சுகப்பிரசவம், பெண் குழந்தை என்று மட்டும்தான் எனக்குச் சொன்னீர்கள்.

நான் வந்து சேர்ந்தபோது என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் உன் பச்சை வண்டியைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, வழியில நிக்காம வந்துருச்சா?" என்றேன். பம்பாயிலிருந்து தட்டு வந்துவிட்டது என்றாய். அதையும் கிண்டல் செய்தேன். அடுத்த மாதம் என் தட்டைக் காணோம் என்றதும் மேரியைப் பிடித்துக்கொண்டேன், பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாள் என்று. எட்டு வருடமாக அதைச் சொல்லிக்காட்டினேன். எல்லாம் தெரிந்தும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏம்மா யாருமே எங்கிட்ட சொல்லல?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"சொல்லிருந்தா நீங்க அவருகிட்ட மரியாதையா நடந்திருப்பீங்க. அது வேணாம்னாரு. ஞாயித்துக்கெழம சண்ட போட ஆள் வேணுமாம்."

என் மகளை எனக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக என் கிண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய். உன் விரதத்தை முறித்தது எனக்காக என்று ஒரு நாளாவது, கோபத்திலாவது, சொல்லிக்காட்டியிருக்கக் கூடாதா?

பம்பாய்க்கு அளவு எழுதவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே என் புதுத் தட்டை எடுத்து நடுவை அறுத்தேன். உன் "பி" இருந்த நடுப்பாகத்தைப் பழைய தட்டிலிருந்து கழற்றி அதில் வைத்து எட்டு ரிவெட் அடித்தேன். மூன்றாவது ரிவெட் கோணிக்கொண்டது. திரும்ப அடித்தேன். நீ திட்டியிருப்பாய். என் சத்தியத்தை முறித்துவிட்டேன், மாப்ளே. மனசு லேசாகத்தான் இருக்கிறது.

நேற்று பூசை முடிந்து ஸ்டெல்லா ஓட்டினாள். கொட்டகையை விட்டு வெளியே வரும்போது கொஞ்சம் உதறியது, அப்புறம் கப்சிப். தெருமுனை வரை போய்த் திரும்பி வருவாள் என்று நின்றிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை.

மேரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "இப்பவாவது கேட்டீங்களே" என்று காபியை வைத்துவிட்டுப் போனாள். உன்னிடம் கேட்கத்தான் வழியில்லை. நன்றி என்ற வார்த்தையை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே கிடையாது. இன்று சொல்கிறேன். நன்றி, பிலிப்.

வரும் மாதம் என் மகள் ரோஸிக்கு எட்டு வயது முடிகிறது. அன்று காலை அவளை உன் வண்டியில், அவள் அம்மா உட்கார்ந்த அதே சீட்டில் உட்காரவைக்கப் போகிறேன். ஸ்டெல்லா ஓட்டுவாள். கிருஷ்ணகிரி வரை அதே ரோட்டில் போவார்கள். அவளை யார், எப்படி, எதைக் கொடுத்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று அத்தையே அவளுக்குச் சொல்லட்டும். மேரியும் நானும் வெள்ளை வண்டியில் பின்னாலேயே வருவோம். சூளகிரி தாண்டியதும் நேர் ரோடு வரும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அங்கே உன்னை முந்திக்கொண்டு ஹார்ன் அடித்திருக்கிறேன்! இந்த முறை மாட்டேன். ஸ்டெல்லா எவ்வளவு மெதுவாகப் போனாலும் சரி, கிருஷ்ணகிரி போய்ச் சேரும்வரை உன் வண்டிக்குப் பின்னால்தான் வருவேன். இது சத்தியம். இதை முறிக்க மாட்டேன்.

முந்த மனசில்லாமல் பின்னால் வரும்
உன் மச்சான்,
ரோஸியின் அப்பா,
தேவராஜ்