கவுன்டரில் சொல்லாத பேர்

என் வீட்டுக்காரருக்கு, எங்கே இருந்தாலும் முட்டிவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அஞ்சலை எழுதுவது.

இதை நம் கோயில் ஆண்டு மலரில் போடப்போகிறார்கள். போனவர்களுக்கு யார் வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம் என்று சொன்னார்கள். நான் அஞ்சாங்கிளாஸ்தான் என்றேன். அதனால் என்ன, பேசுகிற மாதிரி எழுதுங்கம்மா, பிழை இருந்தால் நாங்க பார்த்துக்கிறோம் என்றார்கள். இத்தனை பேர் முன்னாடி உங்களோடு பேசுவது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

நீங்க போய் ரெண்டு பனிக்காலம் முடிந்துவிட்டது. இந்த டெல்லியில் நீங்க விடியக்காலையில் மோட்டார் போட்டுத் தண்ணி திறந்துவிட்ட சரோஜினி நகர் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். உங்க பம்ப் ரூமும் இல்லை. அங்கே இப்போது அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடம். அத்தனை வருஷம் ஆபீசர் வீட்டுக்கெல்லாம் தண்ணி விட்டுவிட்டு, நம் ஜுக்கிக் குடிசைக்கு வந்து லாரித் தண்ணிக்குக் குடத்தோடு நின்றீங்களே. ஒரு குழாய் வேண்டும் என்று கேட்க எத்தனை தடவை அந்தக் கவுன்சிலர் வாசலில் உட்கார்ந்திருப்பீங்க? உள்ளே இருந்து ஒரு ஆள் வந்து, "ஏ மதராசி, தேக் லேங்கே" என்பான். பார்த்துக்கலாம் என்று அர்த்தம். உங்க பேர் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அந்தப் பேரை இப்போது அயர்லாந்து பார்லிமென்ட்டில் சொன்னார்கள். ஒரு தடவை இல்லை, மூணு தடவை.

முதலில் இருந்து சொல்கிறேன். நம் மகள் செல்வி அங்கே நர்சாக வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி சின்ன ஊர் ஆஸ்பத்திரி. அங்கே அவசரப் பிரிவை ராத்திரியில் மூடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். நர்சு பத்தவில்லையாம். இனிமேல் சாயங்காலத்துக்கு மேல் யாருக்காவது நெஞ்சு வலித்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போக வேண்டும். ஆம்புலன்சும் அங்கே இருந்துதான் வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸையும் குறைத்துவிட்டார்கள். செல்வி போனில் சொன்னபோது, அது என்னடி பணக்கார நாடு என்று கேட்டேன். "எல்லா ஊர்லயும் கவுன்டர் ஒண்ணுதாம்மா" என்றாள்.

அந்த ஊர் எம்.பி. ஒரு அம்மா. வாரத்தில் ஒரு நாள் ஊருக்கு வந்து ஒரு டீக்கடையில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவாராம். ரோட்டில் பள்ளம், தெரு விளக்கு எரியவில்லை, கிழவிக்கு பென்ஷன் வரவில்லை, யார் என்ன சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வாராம். செல்வி டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு போய் வரிசையில் நின்றிருக்கிறாள். அந்த அம்மா முதலில் கேட்டது அவள் பேரை. எப்படிச் சொல்வது என்று கேட்டு, சரியாக வரும்வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம்.

அங்கே அவள் பேர் உங்க பேர்தானே. பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப்பேர் என்ன என்று ஃபாரத்தில் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப்பேர்? இனிஷியலை இழுத்து உங்க முழுப்பேரைப் போட்டுவிட்டான் அந்த ஏஜென்ட். அதில் இருந்து அவளை ஊரே அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. கல்யாணம் ஆகியும் அது மாறவில்லை. முதல் தடவை அவள் சொன்னபோது நீங்க சிரித்தது நினைவு இருக்கிறதா? "அப்ப நான் இங்க ஒரு டூட்டி, அங்க ஒரு டூட்டியா? சம்பளம் யாருடி வாங்குறது?" என்றீங்க.

அன்றைக்கு அந்த டீக்கடையில் செல்வி உங்க கதையைச் சொல்லியிருக்கிறாள். எங்க அப்பா டெல்லியில் பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்குள் போயும், பார்க்க ஆள் வருவதற்குள் போய்விட்டார், இந்த ஊரில் யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்று. இதைச் சபையில் சொல்லலாமா என்று அந்த அம்மா அவளிடம் அனுமதி கேட்டாராம்.

அந்த வீடியோவை நம் மகன் குமாரோட மகள் திவ்யா செல்போனில் போட்டுக் காட்டினாள். இப்போது காலேஜ் போகிறாள். தமிழ் பேசுவாள், நடுவில் ஹிந்தி வந்துவிடும். தமிழில் எழுதினதை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் இங்கிலீஷ் தண்ணி மாதிரி. அந்த அம்மா நரைத்த முடி, கழுத்தில் பச்சைத் துணி, கையில் ஒரே ஒரு காகிதம். கத்தவில்லை. முதலில் அந்த ஊர் பஸ்ஸைப் பற்றிக் கேட்டார். பிறகு ராத்திரி வார்டு. பிறகு, இது என் ஊர்க் கதை மட்டும் இல்லை, நாடு பூராவும் நர்சுகளை வெளிநாட்டில் இருந்து கூட்டி வந்து ஓட ஓட வேலை வாங்கினால் எத்தனை நாள் தாங்குவார்கள் என்றார். திவ்யா ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டு வந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள். "பாட்டி, சுனோ சுனோ, கேளு. தாத்தா பேரு."

கேட்டேன். தெளிவாக, மரியாதையோடு, மூணு தடவை உங்க பேர். மந்திர் மார்க் தமிழ் ஸ்கூலில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்த மாதிரி. திவ்யா கைதட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை. உடனே அழுகை வந்துவிட்டது. பாட்டி சந்தோஷத்தில் அழுவதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

சந்தோஷம் இல்லைங்க. கடல் தாண்டி இருக்கிற ஒருத்தி கற்றுக்கொண்டு சொல்கிற பேரை, நான் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்றைக்கு வரைக்கும் உங்களைத் தவிர இது யாருக்கும் தெரியாது. உங்களுக்கே தெரியுமா? நீங்க பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தீங்க.

அன்றைக்குக் காலையில் நீங்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், வீட்டில் யாரும் இல்லாமல், ஆட்டோக்காரரும் நானுமாகத்தான் உங்களைத் தூக்கிப்போனோம். அவசரத்தில் ஆதார் கார்டை எடுக்கவில்லை. கவுன்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல், "மரீஸ் கா நாம் போலோ" என்றார். நோயாளி பேரைச் சொல்லு. எனக்குப் பின்னாடி அவ்வளவு கூட்டம், முன்னாடி அந்த ஒரே ஆள். வாய் வரைக்கும் வந்ததுங்க. வெளியே வரவில்லை. கல்யாணம் ஆன நாளில் இருந்து சொன்னதில்லையே. ரேஷன் கடையில் கார்டை நீட்டுவேன், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கிறவங்களைச் சொல்லச் சொல்வேன். நகைக் கடையில்கூடப் பவுன் என்றுதான் கேட்பேன், அந்த இன்னொரு வார்த்தையை உச்சரிக்க மாட்டேன். கடைக்காரர் வேண்டுமென்றே, "என்ன வாங்க வந்தீங்கம்மா" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். நீங்க பக்கத்தில் நின்று சிரிப்பீங்க.

அன்றைக்கும் பழக்கத்தில், "செல்வி கே பாபா" என்றேன். செல்வி அப்பா. அவர் செல்வி என்று மட்டும் எழுதிக்கொண்டார். ஜன்னலில் தெரிந்தது என் முகம்தானே, பொம்பளை என்றும் எழுதிவிட்டார். எனக்கு ஹிந்தி படிக்கத் தெரியாது. சீட்டு பொம்பளைப் பக்கம் போய்விட்டது. அங்கே, செல்வி, செல்வி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நாம் இந்தப் பக்கம் பெஞ்சில். யாரும் வரவில்லை என்று சீட்டை அடியில் வைத்துவிட்டார்கள். ஒரு நர்சு உங்களைப் பார்த்து ஓடி வந்தபோது உங்க கை ஜில்லென்று இருந்தது.

பேரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று உங்க அம்மா சொல்லிக்கொடுத்தாங்க. நான் சொல்லாமல் குறைத்தேன்.

வீடியோ பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்வியிடம் சொல்லிவிட்டேன். நீ அந்த அம்மாவிடம் சொன்னது முழுசா உண்மை இல்லைடி, ஆஸ்பத்திரி மேல் மட்டும் பழி போடாதே, உங்க அம்மா ஒரு பேரைச் சொல்லாமல் நின்றாள் என்று. வீடியோ கால்தான், போனை நிமிர்த்திப் பார்த்தேன். அவள் முகம் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள். "நான் அங்க இருந்திருந்தா நானே சொல்லியிருப்பேனேம்மா. என் பேர்தானே அது."

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, முதல்ல ஆளைப் பார்க்கணும். மூச்சு எப்படி, நிறம் எப்படி. அப்புறம்தான் பேர். நான் இங்க தினமும் அதைத்தான் செய்றேன். ஒரு ஆள் எழுந்து வந்து அப்பா முகத்தைப் பார்த்திருந்தா, சீட்டுல என்ன பேர் இருந்தா என்ன?"

அவள் சொல்வது நியாயம்தான். அதற்காகத்தான் அந்த அம்மாவும் சபையில் நிற்கிறார். ஆனாலும் என் வாய் என் வாய்தானே. நீங்க என்ன சொல்வீங்க? "விடுடி" என்பீங்களா? அதைக் கேட்க எங்கே போவேன்?

அந்த நாட்டு மந்திரி எழுந்து, பரிசீலிக்கிறோம் என்று சொன்னாராம். திவ்யா அதைத் தமிழில் சொல்லத் தெரியாமல், "வஹீ தாத்தா வாலா, தேக் லேங்கே" என்றாள். உங்களுக்குச் சொன்ன அதே பதில். உங்க கதையை நான் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை. வார்டை மூடுவார்களா மாட்டார்களா என்று இன்னும் தெரியவில்லை. அந்த அம்மா அடுத்த வாரமும் எழுந்து அதே கேள்வியைக் கேட்டாராம். அதற்கடுத்த வாரமும் கேட்பேன் என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறார். குழாய்க்காக நீங்க போய்ப் போய் உட்கார்ந்த மாதிரி.

இந்தப் பனிக்காலம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட உங்க பென்ஷன் கவுன்டருக்குப் போக வேண்டும். புருஷன் பேர் என்ன என்று கேட்பார்கள். போன ரெண்டு தடவையும் குமார்தான் சொன்னான். இந்தத் தடவை அவனை வெளியே நிற்கச் சொல்லப்போகிறேன். தினமும் அடுப்படியில் தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன். முதல் நாள் குரலே வரவில்லை. இப்போது வருகிறது. எந்த ஜன்னலில், யார் கேட்டாலும், கடைசி வரிசையில் நிற்கிறவங்களுக்கும் கேட்கிற மாதிரி நானே சொல்வேன். இது உங்க மேல் சத்தியம்.

இப்படிக்கு,
தங்கவேல் சம்சாரம்
அஞ்சலை