இந்த ஊரில் அடிக்கலாமாம்

சித்தூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி ஹேமநாத்துக்கு அக்கா தாட்சாயணி எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் ரேகாவும் ஜெர்மனிக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உன் மகள் தரணி நன்றாகச் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு இன்னும் தகராறுதான். தெருப் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பிடித்துக்கொண்டாள், அதில் இரண்டு திட்டு. உன் பிள்ளைதானே.

அவளை இங்கே விட்டுவிட்டுப் போகும்போது நீ என்ன சொன்னாய்? "அங்க புள்ள மேல கை வெச்சா சட்டம் உடாதுக்கா, அதான் ஆடிக்கினு கீது. நீ ரெண்டு போட்டு வழிக்குக் கொண்டா" என்றாய். ஒன்பது வயதுக் குழந்தை, உன் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆவக்காய் ஊறுகாய் ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள். வருஷத்துக்கும் என்று போட்டது. எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ஓடி, தோசைத் திருப்பியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "இந்த ஊர்ல அடிக்கலாமாமே அத்தை, சீக்கிரம் அடிச்சுடு" என்று கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன்.

என் வீட்டுக்காரரைக் கேட்டேன். இங்கே வாத்தியார் அடிக்கத்தான் தடை, பெற்றவர்கள் அடிப்பதற்கென்று தனித் தடை இல்லை, கொடுமை என்று ஆனால்தான் கேஸ் என்றார். இருக்கட்டும். என் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். அவள் மேல் யாரும் கை ஓங்கக் கூடாது. நீயும்தான்.

பொங்கலுக்கு நீ வருகிறாய் என்று நேற்றுச் சொன்னேன். குதிப்பாள் என்று பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நைனா இங்கே வர வேண்டாம், நாமே அங்கே போய்ப் பார்க்கலாமா, அங்கே என்றால் நைனா அடிக்க மாட்டார் என்கிறாள். உன்னைப் பார்க்க அவளுக்கு அத்தனை ஆசை.

நீ வா, தம்பி. வந்து உன் பிள்ளையை உன்னோடு கூட்டிக்கொண்டு போ. ஆனால் விமானம் ஏறும் முன்னால், இந்த ஊரிலேயே, அவளை உட்கார வைத்து, இனிமேல் எங்கேயும் அடிக்க மாட்டேன் என்று உன் வாயால் சொல்.

ஏழுமலையான் உங்கள் மூவரையும் ஒரே வீட்டில் வைக்கட்டும்.

உன் அக்கா,
தாட்சாயணி