சாகவும் விடமாட்டேன்

ஜனவரி 12

அன்பு மனைவிக்கு,

உன் அக்கா வீட்டில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச எனக்கு மூச்சு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நுரையீரல் அடைப்பு நோயாம். சிகரெட்டால் வந்ததாம். பஸ் ஓட்டியது போதும் என்று டெப்போவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நம் மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறேன். சட்டை பட்டன் போடுவதற்குள் மூச்சிரைக்கிறது. கோபித்துக்கொண்டு போனது போதும், வந்துவிடு. சிகரெட்டைக்கூடக் குறைத்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்

ஜனவரி 20

டிரைவர் ஐயாவுக்கு,

படியில் உட்கார்ந்து ஏறுகிறீர்கள் என்ற வரியை அக்காவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

படுக்கையறை ஜன்னலைத் திறந்தால், "குளிருது, மூடு" என்பீர்கள். நான் மூடியதும் சிகரெட்டைப் பற்றவைப்பீர்கள். இருமினால், "என் வீட்ல நான் ஊதுறேன். பிடிக்கலன்னா மூக்கைப் பொத்திக்கோ." பஸ் நிலைய மைக்கில் அறிவிப்புச் சொல்லிப் பிழைத்தவள் நான். பாதி அறிவிப்பில் இருமல் பிடித்துக்கொண்டு, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லமுடியாமல் போனது. ஜனங்கள் சிரித்தார்கள். வேலை போயிற்று.

உங்களுக்கு இதுவரை சொல்லவில்லை. எனக்கும் அதே நோய்தான். டாக்டர் என்னைப் பார்த்து, "எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?" என்றார். "கல்யாணம் ஆனதிலேர்ந்து" என்றேன்.

வரமாட்டேன்.

ஒரு சிகரெட்டும் தொடாதவள்

பிப்ரவரி 2

என்னவளுக்கு,

உனக்கும் இதுதான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்து இப்போது என்ன? கெட்டது கெட்டதுதான். இனி நிறுத்தி யாருக்கு லாபம்? நேற்று ஒரு முழு பாக்கெட் வாங்கினேன். ஊதித் தீர்த்துவிட்டுச் சீக்கிரம் போய்ச்சேருகிறேன். அக்காவும் தங்கையும் நிம்மதியாக இருங்கள்.

இவன்

பிப்ரவரி 9

டிரைவர் ஐயாவுக்கு,

அவ்வளவு சுலபமாகத் தப்பிக்கலாம் என்று பார்க்கிறீர்களா? விடமாட்டேன்.

உங்களுக்காகவே என் டாக்டரிடம் கேட்டேன். போனது திரும்பாதாம். ஆனால் இன்றைக்கு நிறுத்தினாலும் மிச்சம் இருப்பது அவ்வளவு வேகமாகக் கெடாதாம். இருமல் தணியுமாம். நிறுத்த முடியாதவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை உண்டு, தோலில் ஒட்டும் பட்டை உண்டு. மூச்சுப் பயிற்சியும் சொல்லித்தருவார்கள்.

போய் வாங்குங்கள். நிறுத்துங்கள். அன்பினால் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் ரொம்ப நாள் இருக்கவேண்டும். குளித்துவிட்டுத் தலை துவட்ட முடியாமல் நிற்கும்போதெல்லாம் என்னை நினைக்கவேண்டும். என் இருமலை நாடகம் என்றீர்களே, அந்த நாடகத்தை முழுக்க உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

அக்காவின் தங்கை

ஆகஸ்ட் 17

என்னவளுக்கு,

நிறுத்திவிட்டேன். உன் மேல் இருந்த வீம்பில்தான் நிறுத்தினேன். முதல் வாரம் பால்காரரிடம் சண்டை, டெப்போ நண்பர்களிடம் சண்டை. நடுவில் ஒருநாள் ஒருவனிடம் வாங்கி ஊதிவிட்டு, அவமானமாகி மறுபடி பட்டை ஒட்டினேன். இப்போது மாடிப்படி ஏற நடுவில் ஒரே இடத்தில் நின்றால் போதும்.

கை சும்மா இருக்கவில்லை என்று சுவரைத் துடைத்தேன். உன் தலையணைப் பக்கம் துணி பழுப்பாக வந்தது. அலசினேன். மறுபடியும் பழுப்பு. இதையா நீ ராத்திரியெல்லாம் உள்ளே இழுத்தாய்? துணியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது. வந்து பார்.

உன் வீட்டுக்காரன்

ஆகஸ்ட் 30

நீங்கள் நலமா?

கடிதத்தைப் படித்ததும் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றை நீங்கள் உங்கள் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். பார்த்துவிட்டீர்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அது ஒன்றுதான் என் வருத்தம்.

நிறுத்தியது நல்லது. மறுபடி தொட்டால், தோற்றது நீங்கள்தான்.

ஆனால் வரமாட்டேன். நீங்கள் சுத்தமாகத் துடைத்தது சுவரைத்தான். காலையில் துணி உலர்த்தப் போனவள் பாதியில் மூச்சு வாங்கி, வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் உங்களை மன்னிக்க முடியவில்லை. வேறு நேரத்திலும் முடியும் என்று தோன்றவில்லை.

மழைக்காலம் வருகிறது. சளிக்காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள், நம் நோய்க்கு அது முக்கியமாம். இதற்குப் பதில் எழுதவேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
நான்