மிதிக்கக் கனக்காத சைக்கிள்

நேற்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைக்கிள் கடையைத் தாண்டி வந்தேன். கடைக்காரர் ஒரு சக்கரத்தைப் பிரித்துப்போட்டு, உள்ளிருந்த இரும்புக் குண்டுகளைக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்திருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் அங்கேயே நின்றுவிட்டது. வாங்க வந்த புளியும் மிளகாயும் மறந்தே போயின. வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எல்லாம் உன்னால்தான்.

உன் பழைய கறுப்பு சைக்கிளை நாம் எத்தனை தடவை இப்படிப் பிரித்துப் பூட்டியிருப்போம்! "மிதிக்க கனமா கீதுடா. எங்கியோ புடிக்குது" என்பாய். நான் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுவேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். "இதுல இன்னாடா கனம்? உன் ஒடம்புலதான் சோம்பேறித்தனம் ஏறிக்கினு கீது" என்று திட்டுவேன். நீ சிரித்துக்கொண்டே கிரீஸ் டப்பாவை எடுப்பாய். செயினை மாற்றினோம், பெடலை மாற்றினோம், சக்கரத்தின் கோட்டத்தை நிமிர்த்தினோம். அதற்குப் பிறகும் ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது நீ இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தாய்.

இருவரும் ஒரே கிரஷரில் வேலை செய்தோம். மலையை உடைத்து ஜல்லியாக்கும் இயந்திரத்துக்கு முன்னால் பகல் முழுக்க நின்றோம். சாயங்காலம் கை கால் கழுவினால் வெள்ளையாகத் தண்ணீர் ஓடும். மேஸ்திரி ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார். "தின்னுங்கப்பா, தொண்டையில கீற தூசு எல்லாம் எறங்கிடும்" என்பார். அவரும் நம்பித்தான் சொன்னார், அவரும் தின்றார். விடுப்பு எடுத்த நாளில்கூட நீ ஆள் அனுப்பி உன் பங்கு வெல்லத்தை வாங்கிக்கொண்டாயே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அங்கே இருமல் இல்லாத ஆள் யாரும் இல்லை. அதனால் உன் இருமலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. குற்றம் எல்லாம் சைக்கிள் மேல் விழுந்தது.

கடைசியில் புது சைக்கிள் வாங்குவது என்று முடிவானது. உன் மனைவி மல்லிகா கட்டிவந்த சீட்டு கைக்கு வந்திருந்தது. அந்தப் பணத்துக்குள் முடிக்க வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து நாம் பேசின பேச்சைக் கேட்டிருந்தால், லாரி வாங்கப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். கியர் சைக்கிள் என்றால் ஒரு வாரத்தில் கல் தூசு போய் அடைத்துக்கொள்ளும், நம் காசுக்கும் கட்டாது. மெல்லிய டயர் என்றால் கிரஷர் ரோட்டு ஜல்லியில் தினம் பஞ்சர். பழைய மாதிரிக் கறுப்பு சைக்கிளே வேண்டாம், அது இரும்புக் கட்டிலை மிதிப்பது போல. பெரிய சக்கரம், தடித்த டயர், கியர் கிடையாது. "ஒரு மிதி மிதிச்சா தானா ஓடணும்டா" என்றாய். நெட்டையான உனக்கு அதுதான் சரி என்று நானும் தலையாட்டினேன். அந்த நாட்களில் உன் முகத்தில் இருந்த தெளிச்சியைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிடும் என்றே நினைத்தேன்.

காஞ்சிபுரத்துக் கடையில் நாம் நினைத்த மாதிரியே ஒன்று இருந்தது. ஒரு விரலால் தள்ளினால் ஓடியது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் கடைக்காரர். நீ ஏறிப் போனதை நான் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் ஆளைக் காணவில்லை. பிறகு தள்ளிக்கொண்டு நடந்து வந்தாய்.

"பஞ்சரா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கடைப் படியில் உட்கார்ந்தாய். மூச்சு உள்ளே போவதற்கே வழி தேடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பேச முடிந்ததும் நீ சொன்னாய்: "சைக்கிள்ள ஒண்ணும் இல்லடா. நல்ல சைக்கிள்தான்."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. வேறு ஒன்று பார்க்கலாம் என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நீ எழுந்து போய், அதே சக்கரம், அதே டயர், ஆனால் நடுவில் கம்பி தாழ்ந்து சரிந்திருந்த ஒன்றைத் தொட்டாய். "இதுல சீட்டை எறக்கு" என்றாய். கடைக்காரர் இறக்கினார். "இன்னும் எறக்கு."

"டேய், இன்னும் எறக்கினா உன் முட்டி உன் வாயில வந்து இடிக்கும்" என்று கத்தினேன். கடைக்காரர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. உன் தோளுக்குக் கீழே கையை நீட்டிக் காட்டி, "இவ்ளோ ஒசரம் ஒரு ஆளு. கால் தரையில எட்டணும்" என்று அவரிடம் சொன்னாய். மல்லிகாவின் உயரம் அது. எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

சைக்கிளை பஸ் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு திரும்பினோம். பஸ் மாகறலைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்: "ஊருல களை எடுக்கற வேலை எத்தினி நாளைக்கு கீது? டவுன்ல ரைஸ் மில்லுல ஆள் எடுக்கறாங்களாம். நடந்து போய் வர முடியாது. சைக்கிள் இருந்தா போயிக்கினு வருவா." "சொம்மா கெடடா, டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றேன்.

காட்டினோம். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். எந்த வேலை, எத்தனை வருஷம் என்று டாக்டர் கேட்டார். பதில் சொன்னதும் படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "தூசு இல்லாத வேலையாப் பாருங்க" என்றார். தூசு இல்லாத வேலையை யார் நமக்கு எடுத்து வைத்திருந்தார்கள்? மறுநாள் மேஸ்திரியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்குக் கொடுக்கச் சொல்லி இரண்டு கட்டி வெல்லமாகத் தந்தார். அதை வாங்கிக்கொண்டு வந்த என்னை என்ன சொல்ல? வேறு எதைக் கொண்டுவருவது என்று எனக்கும் தெரியவில்லை.

சைக்கிளுக்குக் கோயிலில் மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதும், மல்லிகாவுக்கு ஏரிக்கரையில் பாடம் தொடங்கியது. புளியமரத்தடியில் நீ உட்கார்ந்துகொள்வாய். உன் குரல் என் காது வரைதான் வந்தது. அதனால் நீ மெல்லச் சொல்ல, நான் தொண்டை கிழியக் கத்துவேன். "கீழ பாக்காத!" "ஹேண்டில்பாரைக் கெட்டியா புடிக்காத!" "ஆடு தானா ஒதுங்கும், நீ போ!" விழுந்தெழுந்த மல்லிகா என்னைத்தான் திட்டினாள். "நீ இன்னா பெரிய வாத்தியாரா? அவரைச் சொல்லச் சொல்லு." நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய், சிரித்ததால் இருமல் வந்தது, இருமல் நிற்க நேரமானது. அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து உன் முதுகைத் தடவினாள். "போ, போ, நேரமாவுது" என்று நீ கையாலேயே விரட்டினாய்.

நாலைந்து நாளில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அன்று யாரும் பிடிக்காமல், அந்த மேட்டில் இறங்காமல் மிதித்தே ஏறினாள். கரையின் மறுகோடி வரை போனாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் போவதை நீ கண்ணெடுக்காமல் பார்த்தாய். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாய்: "போதும்டா. இனிமே நான் இல்லன்னாலும் இவ வண்டி நிக்காது."

அதற்குள் அவள் அந்தக் கோடியில் காலை ஊன்றி நின்று திரும்பினாள். உன் வாய் அசைந்ததைப் பார்த்திருக்கிறாள். "இன்னா சொல்றாரு?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பிரேக்கை மெதுவா புடிக்கச் சொல்றான்" என்று கத்தினேன்.

"சரி" என்று தலையாட்டிவிட்டு ஏறி மிதித்தாள். அந்த வருஷம் மாசியில் நீ போய்விட்டாய். அவள் மில்லுக்குப் போனாள், பிள்ளைகளைப் படிக்க வைத்தாள், இன்றைக்கும் போகிறாள். வழியில் எதிர்ப்படும்போதெல்லாம் இறங்கி நின்று என் வீட்டைப் பற்றி விசாரிக்கிறாள். நீ அன்றைக்குச் சொன்னதைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று கேட்டு அனுப்பிவிடுகிறேன்.