வீடு கொஞ்சம் வெளியே போயிருக்கு

அன்பும் அதட்டலும் சரிபாதியாகக் கலந்த என் அண்ணிக்கு,

உங்கள் தம்பி பொண்டாட்டி வணக்கம் சொல்லி எழுதுவது. உங்கள் தம்பி சௌக்கியம். நான் சௌக்கியம். வண்டியும் சௌக்கியம். வண்டியை நீங்கள் விசாரிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் நாங்கள் ஆறு வருஷமாகக் குடியிருக்கும் வீடு அது. அதனால் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

போனில் சொல்வதை விட்டுவிட்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கண்ணாடியைத் தேடிக்கொண்டே திட்டுவீர்கள். போனில் பேசினால் நீங்கள்தான் பேசுகிறீர்கள், அண்ணி. நான் "அது வந்து" என்று ஆரம்பிப்பதற்குள் நீங்கள் தீர்ப்புச் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படியுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை போன் செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காரை அனுப்பி உங்கள் தம்பியைக் கூட்டிப்போய், இனிமேல் உங்கள் வீட்டு மாடி அறையிலேயே வைத்துக்கொள்ளப் போகிறீர்களாம். என்னைப் பற்றி, "வேணும்னா அவளும் வரட்டும்" என்றீர்களாம். அந்த "வேணும்னா"வை மாப்பிள்ளை மென்று முழுங்கித்தான் சொன்னார். நல்ல மனுஷன், உங்களிடம் வந்து மாட்டிக்கொண்டார்.

பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன், உங்களுக்குச் சுற்றி வளைத்தால் பிடிக்காது. அவரை அனுப்ப மாட்டேன். பிள்ளை குட்டி இல்லாதவள், இவளுக்கு யார் பேச வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு நானே பேசிக்கொள்வேன். முப்பது வருஷமாக உங்களிடம் பேசிப் பேசித்தான் வாய் இவ்வளவு நீளமாகியிருக்கிறது.

உங்கள் தம்பி பெட்ரோல் பங்கில் காணாமல் போய்விட்டார் என்று சொந்தக்காரர்களிடம் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அவர் காணாமல் போகவில்லை, அண்ணி. காணாமல் போனது நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், என் மானம் போனாலும் பரவாயில்லை.

வண்டியில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு வேலை உண்டு. கிளம்பும் முன் உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் கொக்கி போட வேண்டும். பாத்திர அலமாரி, குட்டி ஃபிரிட்ஜ், கூரை ஜன்னல், கேஸ் வால்வு, மடக்கு மேசை, வாசல் படி. ஒன்றை மறந்தாலும் முதல் வளைவில் தட்டு பறக்கும். உங்கள் தம்பி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்பார். நான் ஸ்டியரிங் பக்கத்திலிருந்து திருப்பி "ஆச்சு" என்பேன். மொத்தம் பதினோரு ஆச்சு. கடைசியாக அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டுவார். அந்தச் சத்தம் கேட்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது என்பது சட்டம்.

அன்றைக்கு அவர் பின்னால் படுத்துக்கொண்டு வந்தார், திரை போட்டிருந்தது. பங்கில் டீசல் போட்டேன். தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்க நான் அந்தப் பக்கம் போன நேரத்தில் அவர் முகம் கழுவ இறங்கியிருக்கிறார். நான் பார்க்கவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனிலேயே கையை வைத்துக்கொண்டு, "ஏம்மா, குடித்தனம் பண்ண இதான் இடமா?" என்று கத்தினார். எனக்கு வந்ததே கோபம். பதினோரு ஆச்சையும் நானே ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இருபத்திரண்டு கிலோமீட்டர், அண்ணி. திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே போகிறேன். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். முதுகு வலியைச் சொன்னேன். பிறகு உங்களைப் பற்றி ஆரம்பித்தேன், சாவகாசமாக, பழைய கதையெல்லாம் எடுத்து. ஒரு மறுப்பு இல்லை. முப்பது வருஷத்தில் உங்களை நான் குறை சொல்லி அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தது அன்றைக்குத்தான். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு போனேன்.

ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது திரை விலகியது. தலையணை மட்டும் இருந்தது.

அங்கே அவர் என்ன செய்தார் தெரியுமா? காற்றுப் பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது, அதில் போய் உட்கார்ந்துவிட்டார். ரோட்டில் இறங்கவில்லை, யாரோடும் போகவில்லை. பங்கில் வேலை செய்கிற பெண் வந்து, "வீடு எங்க இருக்கு, ஐயா?" என்று கேட்டிருக்கிறாள். "வீடு கொஞ்சம் வெளிய போயிருக்கு. இப்ப வந்துரும்" என்றாராம். அவள் பயந்து போய் அவர் சட்டைப் பையில் இருந்த சீட்டை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதில் முதல் நம்பர் உங்களுடையது. "அக்கா நம்பரை முதல்ல எழுது" என்று அவர்தான் சொன்னார், நான்தான் எழுதினேன். அதனால்தான் விஷயம் எனக்கு முன்னால் உங்களுக்கு வந்தது.

நான் திரும்பி வந்து நிறுத்தினபோது அவர் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு அந்தப் பெண்ணிடம், "சொன்னேன்ல?" என்றார். என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்: "ஏன் இண்டிகேட்டர் போடாம திரும்பின?" அதற்கப்புறம் நான் கொஞ்ச நேரம் வண்டி ஓட்டவில்லை. ஏன் என்று எழுத மாட்டேன், நீங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிப்பீர்கள்.

ஆக, தப்பு என் மேல். சட்டத்தை மீறினது நான். இப்போது அவர் பெல்ட் போட்டு, நான் அவர் கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன். அது பன்னிரண்டாவது ஆச்சு. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கை வலித்துப் போகட்டும்.

இனி உங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கோபப்படாதீர்கள். போன வருஷம் இன்ஜின் வேலைக்கு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது உங்களோடு இரண்டு மாதம் இருந்தோம். நீங்கள் ஒரு குறை வைக்கவில்லை. மெத்தை போட்டீர்கள், மின்விசிறி மாற்றினீர்கள், தினமும் அவருக்குப் பிடித்ததைச் சமைத்தீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒரே நிறத்தில் ஏழு கதவு, அண்ணி. விடிகாலையில் அவர் பாத்ரூம் தேடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். ஒரு நாள் துணி அலமாரியைத் திறந்துகொண்டு, துண்டைத் தோளில் போட்டபடி அப்படியே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்தபோது, "யார் வீட்டுக்கு வந்திருக்கோம்?" என்று ரகசியமாகக் கேட்டார். பிறந்து வளர்ந்த வீட்டில் நின்றுகொண்டு கேட்டார்.

அப்புறம் நீங்கள் கேட்டைப் பூட்டினீர்கள். பாதுகாப்புக்குத்தான். எனக்குத் தெரியும். ஆனால் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நீங்கள் மாடியிலிருந்து பார்த்தீர்கள், நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ரெண்டும் ஒன்றில்லை. நான் அன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் மெக்கானிக்கின் உயிரை எடுத்தேன்.

அந்தத் தகரப் பெட்டிக்குள் எப்படித்தான் இருக்கிறீர்களோ என்று போகிற இடமெல்லாம் கேட்கிறீர்களே, எப்படி இருக்கிறோம் என்று சொல்கிறேன். கட்டிலிலிருந்து பாத்ரூம் நாலு எட்டு. கண்ணை மூடிக்கொண்டு போவார். அடுப்பு கைக்கெட்டும். டார்ச் தலைமாட்டில் ஆணியில் தொங்கும். எல்லாம் அவர் கையாலே அறுத்து இழைத்துப் பூட்டின பலகை. நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்த கை அது. தலை மறந்தாலும் கை மறக்கவில்லை. கதவைத் திறந்தால் ஒரு நாள் கடல் இருக்கும், ஒரு நாள் மலை இருக்கும், ஒரு நாள் லாரி ஸ்டாண்டு இருக்கும். வெளியே எது மாறினாலும் உள்ளே ஒரு கரண்டி இடம் மாறாது. உங்கள் வீடு நகராமல் நிற்கிறது, அதில் அவர் தொலைந்து போகிறார். என் வீடு ஊர் ஊராக ஓடுகிறது, அதில் அவருக்குத் தொலைய இடமே இல்லை.

சௌகரியத்துக்கும் குறைவில்லை. கூரையில் சூரியத் தகடு போட்டிருக்கிறோம், விளக்கும் மின்விசிறியும் அதில் ஓடுகிறது. ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை. வெயில் ஏறினால் மலைப்பக்கம் போய்விடுவோம், உங்களைப்போல வேர்த்துக்கொண்டு உட்கார மாட்டோம். எங்கே நிறுத்தினாலும் அவர் முதலில் மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்ப்பார். தண்ணீர் சாய்ந்திருந்தால் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைப்பார். மட்டம் வரும் வரைக்கும் விட மாட்டார், எனக்கு டீயும் கிடைக்காது. நேற்று மூன்று தடவை பார்த்தார். மூன்று தடவையும் மட்டமாகத்தான் இருந்தது. இருக்கட்டும், நானும் மூன்று தடவை குனிந்து பார்த்து, பிரமாதம் என்றேன்.

நான் ஓட்டுவது உங்களுக்குப் பயம் என்று தெரியும். நாற்பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுக்கப் போனேன், இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "யாரைக் கூட்டிட்டு வந்தீங்க, பேரனையா?" என்று கேட்டார். எட்டுப் போட்டுக் காட்டினேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உங்கள் தம்பிதான் சொல்லிக் கொடுத்தார். ஒரு நாள் நாலு ரோடு சந்திப்பில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வண்டியை ஓரமாக நிறுத்தினார். சாவியை எடுத்துத் துடைத்து என் கையில் வைத்தார். இறங்கிச் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். அந்தச் சாவியைப் பிடுங்க உங்கள் மாப்பிள்ளையை அனுப்பாதீர்கள், அண்ணி. அவர் கொடுத்தது, என்னிடம்தான் இருக்கும்.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை. மாதத்தின் முதல் திங்கள் எங்கிருந்தாலும் டாக்டரம்மா முன்னால் போய் நிற்கிறோம். என்னால் தனியாக முடியாத ஒரு நாள் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஒளித்துப் பேசவில்லை. அந்த நாள் வந்தால் யாரும் கார் அனுப்ப வேண்டாம், நானே வந்து உங்கள் கேட்டுக்கு நேராக வண்டியை நிறுத்துவேன், நீங்கள் வெளியே போக வழியில்லாதபடி. ஆனால் அந்த நாள் இந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாதமாகச் சில நாள் காலையில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து "அக்கா" என்கிறார். முதல் நாள், "அக்கா இல்லீங்க, நான்" என்று திருத்தினேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. அதற்கப்புறம் நான் திருத்துவதில்லை. "என்னடா?" என்கிறேன். முப்பது வருஷமாக வாங்க போங்க என்று பேசின வாய்க்கு "டா" வருவதற்கு நாலு நாள் பிடித்தது. "பசிக்குதுக்கா" என்பார். சில நாள், "அப்பா திட்டுவாரா?" என்று கேட்பார். திட்ட மாட்டார், நான் சொல்லிக்கிறேன் என்பேன். நீங்கள் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள் என்று ஒரு கணக்குத்தான். டீ பாதி குடிக்கும்போது நான் யார் என்று அவருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. உடனே சர்க்கரை போதவில்லை என்று சண்டைக்கு வருவார், நானும் நிம்மதியாகச் சண்டை போடுவேன்.

உங்கள் இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அண்ணி. சரியாகச் சொல்கிறேனா என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் ரெண்டு பேருக்கும் மட்டுமே தெரிந்த சின்ன வயசு. எனக்கு அதில் இடமில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காரை அனுப்புங்கள். வெறுமனே அனுப்பாதீர்கள், நீங்கள் ஏறி வாருங்கள். பத்து நாளைக்குத் துணியும் முட்டிவலித் தைலமும் எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை உங்களை இறக்கிவிட்டு வெறும் காரை ஓட்டிக்கொண்டு திரும்பட்டும், அவருக்கும் பத்து நாள் ஓய்வு கிடைக்கும். ஏரிக்கு மேற்கே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறோம். மேசையை மடக்கினால் அது ஒரு கட்டில், உங்கள் அளவுக்குச் சரியாக இருக்கும், கொஞ்சம் ஒருக்களித்துப் படுத்தால். படி உயரம்தான், நான் கை கொடுக்கிறேன். என்னை வாய் நிறையத் திட்டுங்கள், பக்கத்தில் இருந்து திட்டுங்கள்.

காலையில் அவர் கண் விழிக்கும்போது நாம் ரெண்டு பேரும் எதிரே உட்கார்ந்திருப்போம். அவர் யாரைப் பார்த்து "அக்கா" என்கிறார் என்று பார்த்துவிடலாம். உங்களைச் சொன்னால் நான் தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன். சீக்கிரம் வந்து என்னைத் தோற்கடியுங்கள், அண்ணி.

உங்கள் அதட்டலுக்கு இன்னும் அடங்காத,
தம்பி பொண்டாட்டி