லாட்ஜுக்கு வெப்சைட், எனக்கு ஏழரை

ஜூலை 7, செவ்வாய்

வெயில் கொல்கிறது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார்காரனுக்கு போன். வருகிறேன் என்றான். வரமாட்டான்.

காலையிலேயே சென்னையிலிருந்து தம்பி. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை.

"அக்கா, நம்ம லாட்ஜுக்கு வெப்சைட் போடப்போறேன். பெரிய ஏஜென்சி. பேசி முடிச்சிட்டேன்."

நம்ம லாட்ஜாம். அப்பா போன பிறகு ஆளுக்குப் பாதி, சரி. ஆனால் திருநள்ளாறு கோயிலுக்கு விடியற்காலை வந்து இறங்குகிறவர்களுக்குக் கதவு திறப்பது, வெந்நீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குவது, எல்லாம் நான். அவன் வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், ஏசி ரூமில் படுப்பான், தலையணை உறை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவான்.

வெப்சைட் வேண்டும். அதில் சண்டை இல்லை. ஆனால் நான் ஏற்கெனவே கோட்டுச்சேரி ஜெசிந்தாவிடம் பேசிவைத்திருக்கிறேன். வீட்டிலிருந்தே தனியாக வெப்சைட் செய்துகொடுக்கிற பெண். காரைக்காலில் ஒரு பேக்கரிக்குச் செய்தது பார்த்தேன், நன்றாக இருந்தது. அதைச் சொன்னேன்.

"தனி ஆள நம்பி எறங்காதக்கா. நாளைக்கே கல்யாணம் ஆயி போயிட்டாள்னா?"

"கல்யாணம் ஆயி புள்ளையும் இருக்குடா."

"அப்ப இன்னும் மோசம்."

போனை வைத்த பிறகுதான் நல்ல பதில் ஒன்று வாய்க்கு வந்தது. எப்போதும் இப்படித்தான்.

ஜூலை 8, புதன்

கோபப்படாமல் யோசிக்க முயற்சி.

ஏஜென்சி – நிறையப் பேர். ஒருவன் ஓடினால் இன்னொருவன் வருவான். ஆன்லைன் புக்கிங் எல்லாம் அவர்களே பார்ப்பார்கள். ஆனால் பேசுவது தம்பியோடு மட்டும்.

ஜெ. – கூப்பிட்டால் நேரில் வருவாள். நான் சொல்வது அவளுக்குப் புரியும். ஞாயிறு சர்ச், போன் ஆஃப். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வேலை நிற்கும். மாதிரி காட்டுகிறேன் என்று சொல்லி எத்தனை நாள்? இன்னும் "நாளைக்கு அனுப்பிடுறேங்கக்கா"தான்.

அவள்மேலும் கோபம். அவள் ஒழுங்காக இருந்தால் நான் இவனிடம் நிமிர்ந்து பேசலாம்.

மோட்டார்காரன் வரவில்லை. வள்ளி குடத்தில் தண்ணீர் தூக்கினாள். லாட்ஜைக் கூட்டிப் பெருக்கத்தான் அவளுக்குச் சம்பளம், தண்ணீர் தூக்க அல்ல.

ஜூலை 10, வெள்ளி

ஏஜென்சியிலிருந்து போட்டோ எடுக்க ஒருவன். முன்கூட்டி எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எல்லா ரூமையும் எடுத்தான். "மேடம், ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் நகருங்க." நகர்ந்தேன்.

மாடி மூலை ரூமுக்குள்ளும் நுழைந்துவிட்டான். அது நான் குடியிருக்கிற ரூம். "வெளிச்சம் சூப்பரா இருக்கு மேடம், சும்மா ஒண்ணே ஒண்ணு." கொடியில் கிடந்த சேலையை எடுக்கச் சொன்னான். எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

வாய்விட்டுத் திட்டலாமென்றால் அதற்கும் வழியில்லை. ஊரே ஒரு சொல்லால் திட்டுகிறது, எங்கள் வீட்டில் மட்டும் அது கூடாது. சோறு போடுகிற சாமியின் பெயர். சின்ன வயதில் தம்பியை ஒரே ஒரு தடவை "சனியனே" என்றேன், அப்பா வாயிலேயே போட்டார். அடி எனக்கு விழுந்தது, அவன் இன்னும் அப்படியேதான் இருக்கிறான்.

ஜூலை 14, செவ்வாய்

ஏஜென்சியின் மாதிரி வந்தது. பளபளப்பு. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: "மீண்டும் மீண்டும் வாருங்கள்!"

யாரிடம்? சனி தோஷம் கழிக்க வருகிற ஜனத்திடம்! ஏழரை தொலைந்தது என்று நளதீர்த்தத்தில் முழுகிவிட்டுக் கிளம்புகிறவரிடம் நாங்கள் "போயிட்டு வாங்க" என்றுகூடச் சொல்வதில்லை. "நல்லபடியா ஊர் போய்ச் சேருங்க", அவ்வளவுதான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வள்ளி முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

ஏஜென்சிக்காரனுக்கு போன் செய்தேன்.

"அது ஸ்டாண்டர்ட் லைன் மேடம். எல்லா ஹோட்டல் சைட்லயும் போடுவோம்."

"இங்க அப்படிச் சொன்னா வர்றவங்க பயந்துடுவாங்க தம்பி."

"ஓ, காரைக்குடி சைடுல அப்படி ஒரு நம்பிக்கை இருக்கா மேடம்?"

காரைக்குடி! இருப்பது காரைக்கால் என்று சொல்லக்கூடப் பிடிக்காமல் போனை வைத்தேன்.

தம்பியிடம் சொன்னால், "யாருக்கா இதெல்லாம் பாக்குறா?" என்கிறான். அவனும் இந்த வீட்டில்தான் வளர்ந்தான்.

கடைசிப் பக்கம், தொடர்புக்கு: அவன் நம்பர். என் நம்பர் எங்கேயும் இல்லை. "ஒனக்கு எதுக்குக்கா தொந்தரவு?" இங்கே நான் யார் என்று நாளைக்கு வருகிறவன் கேட்டால் என்ன சொல்வது?

ஜூலை 15, புதன்

ஒருவழியாக ஜெசிந்தா. இடுப்பில் குழந்தை, தோளில் லேப்டாப், பஸ்ஸில் வந்திருக்கிறாள். மாதிரி ஊதா நிறத்தில் கண்ணைக் குத்தியது. எழுத்துப்பிழை இரண்டு. நன்றாகத் திட்டினேன். அடியில் மட்டும் சரியாகப் போட்டிருந்தாள்: "நல்லபடியாக ஊர் போய்ச் சேருங்கள்."

"இது ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"போன தடவ வந்தப்ப வாசல்ல ஒருத்தங்கள்ட்ட சொல்லிட்டு இருந்தீங்களேக்கா."

வெப்சைட் முகவரியை என் பேரிலேயே எடுக்கச் சொன்னாள். அவள் பேரில் எடுத்தால் நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால் நான் மாட்டிக்கொள்வேனாம். இதுவரை யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். தம்பியிடம் மறுபடி சண்டை போடத் தெம்பு இல்லை.

ஜூலை 18, சனி

ஆடி முதல் சனி. மூச்சுவிட நேரமில்லாத கூட்டம்.

மதியம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம். ரூம் புக் செய்தாயிற்றாம். எந்த ரூம் என்றேன். போனை நீட்டினார். "டீலக்ஸ் குடும்ப அறை." என் கட்டில், என் ஜன்னல். எனக்குச் சொல்லாமலே வெப்சைட்டைத் திறந்துவிட்டிருக்கிறான்.

"ஓனர் சார் கன்பார்ம் பண்ணிட்டாருங்க. நீங்க இங்க வேலை பாக்குறீங்களா?"

"இல்லைங்க. அந்த ரூம்ல நான் குடியிருக்கேன்."

அவர் மனைவிக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ, எங்களுக்குத் தெரியாதுங்கம்மா." அவர்கள் என்ன செய்வார்கள்? கீழே பெரிய ரூமைக் கொடுத்தேன்.

தம்பிக்கு போன்.

"ஒரு நாள்தானேக்கா. ஆபீஸ் ரூம்ல பாய் போட்டுப் படுத்துக்க மாட்டியா? இனிமே சனிக்கிழமை மட்டுந்தான்."

இனிமே. கோபம்தான். அழவும் அழுதேன்.

உடனே ஜெசிந்தாவுக்கு: வேலையை ஆரம்பி. என் பேர், என் நம்பர். மூலை ரூம் கிடையாது. ஊதா கூடாது.

"ஒங்க தம்பி ஒத்துக்குவாங்களாக்கா?"

"பாதி லாட்ஜ் என்னுது. அந்தப் பாதிக்குப் போடு."

ஜூலை 19, ஞாயிறு

மேகமூட்டம். நேற்று வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் கிளம்பவில்லை. தம்பி பெட்டியோடு வந்து இறங்கினான். பேசித் தீர்க்கவாம்.

"சாவி குடுக்கா. எனக்கு எந்த ரூம்?"

"வெப்சைட்ல பாத்து புக் பண்ணிக்க" என்றேன்.

வாசலிலேயே நிற்கிறான், போனை நோண்டிக்கொண்டு.